அலுவலக மென்பொருளும் மின்னஞ்சலும்: அறிவிப்பின்றி நேரும் பிழைகளும் தடுக்கும் வழிகளும்

கடிதமும் அறிக்கையும் எழுத வேர்டு, கணக்கும் பட்டியலும் போட எக்செல், செய்தி அனுப்ப மின்னஞ்சல் ஆகிய மூன்றும் இன்று மாணவர், அலுவலர், ஆசிரியர், சிறுவணிகர் எனப் பலரும் நாள்தோறும் கையாளும் கருவிகள் ஆகும். எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டும் இந்த மென்பொருள்கள், அதைவிடப் பெரிய இழப்பு நேரும் சில இடங்களில் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. வங்கிக் கணக்கு எண்ணின் முன்னுள்ள சுழியத்தை எக்செல் தானாகவே நீக்கிவிடும். ஒருவருடைய மின்னஞ்சல் முகவரி நூறு பேருக்குத் தெரியும்படி மடல் போய்விடும். அழித்துவிட்டதாக நினைத்த வரி கோப்புக்குள்ளேயே இருக்கும். பயனர் கவனிப்பதற்குள் கோப்பு உரியவரிடம் சேர்ந்துவிடும்.

இத்தகைய பிழைகளுக்குக் கணினி பழுது காரணம் அன்று. மென்பொருள் தனக்கு வகுக்கப்பட்ட விதிப்படியே நடக்கிறது. அந்த விதி பயனருக்குத் தெரிவதில்லை. விதியை அறிந்தவர் பிழையை எளிதில் தவிர்க்கலாம். அவ்வாறு அறிய வேண்டிய இடங்களும் அவற்றின் காரணங்களும் தடுக்கும் முறைகளும் கீழே விளக்கப்படுகின்றன.

மின்னஞ்சலின் மூன்று முகவரிக் கட்டங்கள்

கணினி வலையமைப்பு வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் முறையை 1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் உருவாக்கினார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. பெறுநர், நகல், மறைநகல் என்னும் மூன்று முகவரிக் கட்டங்களை 1982இல் வெளியான ஆர்எஃப்சி 822 என்ற விதிமுறை ஆவணம் வரையறுத்தது. இவை டு, சிசி, பிசிசி எனப்படுகின்றன.

டு என்பது மடல் யாருக்கு உரியதோ, யார் பதில் தர வேண்டுமோ அவருக்கான கட்டம். சிசி என்பது செய்தியை அறிந்துகொண்டால் போதும் என்ற நிலையில் உள்ளவருக்கானது. தட்டச்சுப் பொறிக் காலத்தில் இரு தாள்களுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து நகல் எடுத்த வழக்கத்திலிருந்து இப்பெயர் வந்தது. இந்த இரு கட்டங்களிலும் உள்ள முகவரிகளை மடல் பெறும் அனைவரும் பார்க்க முடியும். பிசிசியில் இடப்படும் முகவரியோ மற்றவர்களுக்குத் தெரியாது. ஒருவரையொருவர் அறியாத பலருக்கு ஒரே மடலை அனுப்பும்போது தன் முகவரியை டு கட்டத்திலும் மற்றவர்களின் முகவரிகளைப் பிசிசியிலும் இடுவது முறை.

தவறான கட்டத்தில் முகவரிகளை இடுவது சிறு பிழையாகத் தோன்றலாம். 2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம், ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் படைகளுக்கு உதவியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. தாலிபான் ஆட்சியைக் கைப்பற்றியபின் நாட்டை விட்டு வெளியேறக் காத்திருந்தவர்கள் அவர்கள். 245 முகவரிகள் பிசிசிக்கு மாறாக டு கட்டத்தில் இடப்பட்டிருந்தன. ஆகவே ஒவ்வொருவருடைய முகவரியும் மற்ற அனைவருக்கும் தெரிந்தது. 55 பேரின் முகப்படங்களும் சேர்ந்தே தெரிந்தன. இருவர் 'அனைவருக்கும் பதில்' என்ற பொத்தானை அழுத்தினர். அவர்களில் ஒருவர் தாம் இருக்கும் இடத்தையும் அதில் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பட்டியல் தாலிபான் கைக்குச் சென்றிருந்தால் உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கும் என்று கூறி, பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2023 டிசம்பரில் அந்த அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

மாணவர் பட்டியல், நோயாளர் பட்டியல், வேலைக்கு விண்ணப்பித்தோர் பட்டியல் எதுவாயினும் இதே விதி பொருந்தும். முகவரிகள் வெளிப்படக் கூடாத மடல்களுக்குப் பிசிசியைவிடப் பாதுகாப்பான முறை 'மெயில் மெர்ஜ்' ஆகும். ஒரே கடிதத்தைப் பெயரும் முகவரியும் மாற்றி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பும் முறை இது. கட்டத்தை மாற்றி இடும் பிழைக்கு இதில் இடமே இல்லை.

'பதில்', 'அனைவருக்கும் பதில்' என்னும் இரண்டின் வேறுபாட்டையும் அறிய வேண்டும். முதலாவது, மடலை அனுப்பியவருக்கு மட்டும் செல்லும். இரண்டாவது, டு, சிசி கட்டங்களில் உள்ள அனைவருக்கும் செல்லும். பிசிசி வழியாக மடலைப் பெற்றவர் 'அனைவருக்கும் பதில்' கொடுத்தால், தமக்கும் அந்த மடல் வந்த செய்தியைத் தாமே மற்றவர்களுக்கு வெளிப்படுத்தியவர் ஆவார்.

அனுப்பிய மடலைத் திரும்பப் பெறுதல்

ஜிமெயிலில் 'அன்டூ சென்ட்' என்ற வசதி உண்டு. போய்ச் சேர்ந்த மடலை இது திரும்ப அழைப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், அனுப்பும் பொத்தானை அழுத்திய பின்னும் ஜிமெயில் சில நொடிகள் மடலை நிறுத்தி வைக்கிறது. அந்த நொடிகளுக்குள் மட்டுமே அதைத் தடுக்க முடியும். தொடக்க அமைப்பில் இந்த அவகாசம் 5 நொடி. கணினியில் ஜிமெயிலின் அமைப்புகள் பக்கத்திற்குச் சென்று இதை 10, 20 அல்லது 30 நொடியாக மாற்றலாம். ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய மாற்றம் இது. 30 நொடி என்று வைத்துக்கொள்வது நல்லது. அவுட்லுக்கில் உள்ள 'ரீகால்' வசதி வேறு வகையானது. ஒரே நிறுவனத்தின் அஞ்சல் அமைப்புக்குள் மட்டுமே அது பயன்படும்; வெளியே உள்ள ஜிமெயில் முகவரிக்குப் போன மடலை அது மீட்காது.

இவற்றைவிட எளிய வழியும் உண்டு. முதலில் கோப்பை இணைத்து, அடுத்து மடலை எழுதி, பொருள் வரியை நிரப்பி, கடைசியில் பெறுநர் முகவரியை இட வேண்டும். முகவரி இல்லாத மடல், கை தவறிப் பொத்தானை அழுத்தினாலும் எங்கும் போகாது. முகவரியின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் மென்பொருள் தானாகவே ஒரு பெயரை நிரப்பும். ஒரே பெயர் கொண்ட இருவர் முகவரிப் பட்டியலில் இருந்தால், நிரப்பப்பட்ட முகவரி முழுவதையும் ஒரு முறை படித்துப் பார்ப்பது அவசியம்.

இணைப்புக் கோப்புகள்

மின்னஞ்சல் முதலில் வெறும் எழுத்துகளை மட்டும் கொண்டுசெல்ல உருவானது. படம், ஒலி, ஆவணம் முதலியவற்றை இணைக்க வழிசெய்த மைம் என்னும் விதிமுறை 1992இல் வெளியானது. இணைக்கப்படும் கோப்பு பொதுவாக எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கிறது. மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாக மாறுவதால் கோப்பின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 9 மெகாபைட் கோப்பு வழியில் 12 மெகாபைட் ஆகிறது. பெறுபவரின் அஞ்சல் வழங்கி 10 மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது என்றால், 9 மெகாபைட் கோப்பும் திரும்பி வருவதன் காரணம் இதுவே.

அவ்வாறு திரும்பும்போது 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஓர் ஆங்கில மடல் வரும். பலர் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகின்றனர். விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்பதற்கு அது ஒன்றே அறிவிப்பாக இருக்கக்கூடும். முகவரி தவறா, கோப்பு பெரிதா, பெறுபவரின் அஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டதா என்ற காரணம் அதிலேயே எழுதப்பட்டிருக்கும்.

ஜிமெயிலில் இணைப்புகளின் மொத்த அளவு 25 மெகாபைட் வரை இருக்கலாம். அதைக் கடந்தால் கோப்பு கூகுள் டிரைவில் ஏற்றப்பட்டு, அதன் தொடுப்பு மட்டும் மடலில் இடம்பெறும். அந்தத் தொடுப்பைத் திறக்கும் அனுமதி பெறுநருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், எந்தக் கணக்கிலும் நுழையாமல் தொடுப்பைத் திறந்து பார்க்கலாம். திறந்தால் தொடுப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று பொருள். 'அனுமதி தேவை' என்று வந்தால், பெறுநரின் முகவரிக்குத் தனியாக அனுமதி தரப்பட்டிருக்க வேண்டும். தரப்படவில்லை என்றால் பெறுநரும் அந்த அறிவிப்பையே காண்பார்.

கோப்பின் பெயரும் கவனிக்கத்தக்கது. வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் 'ரெஸ்யூம் புதியது 2' என்ற பெயரில் பல கோப்புகள் குவிந்திருக்கும். விண்ணப்பிப்பவரின் பெயர், பதவியின் பெயர், ஆண்டு ஆகியவை கோப்பின் பெயரிலேயே இருந்தால் அது மற்றவற்றோடு கலந்து போகாது. பொருள் வரிக்கும் இதுவே விதி. 'வணக்கம்' என்றோ 'அவசரம்' என்றோ எழுதுவதைவிட 'உதவியாளர் பணிக்கு விண்ணப்பம்' என்று எழுதினால், ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் மடல் கிடைக்கும்.

ஒரு கூகுள் கணக்குக்கு இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைட் இடம், ஜிமெயில், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் பொதுவானது. கைபேசிப் படங்களால் அந்த இடம் நிறைந்துவிட்டால் புதிய மடல்கள் வருவதும் நின்றுவிடும். நேர்காணல் அழைப்பை எதிர்பார்ப்பவர் இதை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அதிலுள்ள கோப்புகளோடு நீக்கக் கூகுளின் விதி இடம் தருகிறது. சான்றிதழ்களைச் சேமிக்க மட்டும் தனிக் கணக்கு வைத்திருப்போர் இடையிடையே அதில் நுழைவது நல்லது.

எக்செல்: எண்ணா, எழுத்தா?

எக்செலில் ஒரு கட்டத்தில் இலக்கங்களைத் தட்டியதும், அது கணக்கிட வேண்டிய எண் என்றே மென்பொருள் கொள்கிறது. ஆனால் அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண், பதிவெண் ஆகியவை இலக்கங்களால் ஆன பெயர்களே. அவற்றை யாரும் கூட்டுவதும் இல்லை, கழிப்பதும் இல்லை. இந்த வேறுபாடு எக்செலுக்குத் தெரியாததால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன.

முதலாவது, முன்னுள்ள சுழியம் மறைந்துவிடும். சென்னையின் தொலைபேசிக் குறியீடான 044 என்பது 44 ஆகும். சுழியத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் குறையும்.

இரண்டாவது, 12 இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண் சுருக்கிக் காட்டப்படும். ஆதார் எண்ணை இட்டால் 1.23 என்று தொடங்கி நடுவே ஆங்கில எழுத்து வரும் வடிவத்தைக் காணலாம். இதில் எண் கெடுவதில்லை. காட்டும் முறை மட்டுமே மாறுகிறது.

மூன்றாவதே மிகத் தீங்கானது. எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாகக் காக்கும். 1234567890123456 என்ற 16 இலக்க எண்ணை இட்டால் அது 1234567890123450 என்று பதிவாகும். கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். பின்னர் எதைச் செய்தாலும் திரும்ப வராது.

மூன்றுக்கும் மருந்து ஒன்றே. எண்களை இடுவதற்கு முன் அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, 'ஃபார்மட் செல்ஸ்' பகுதியில் 'டெக்ஸ்ட்' என்று மாற்ற வேண்டும். ஒரு கட்டத்துக்கு மட்டும் என்றால், எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறியை இட்டால் போதும். இட்ட பிறகு மாற்றினால் போன சுழியம் வராது. சிஎஸ்வி வகைக் கோப்பை இருமுறை சொடுக்கித் திறப்பதற்கு மாறாக, 'டேட்டா' பட்டியின் வழியே உள்ளிழுத்து, நெடுவரிசையின் வகையை எழுத்து என்று குறிப்பிட வேண்டும்.

தேதியாக மாறும் தகவல்

3-4 என்று ஒரு வீட்டு எண்ணை இட்டால் எக்செல் அதைத் தேதி என்று கொள்ளும். தேதிகளை அது 1900 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள் கணக்காகவே சேமிக்கிறது. 2000 ஜனவரி 1 என்பது அதற்கு 36526. 2024 ஏப்ரல் 3 என்பது 45385. ஆகவே தேதியாக மாறிவிட்ட வீட்டு எண்ணைப் பின்னர் எழுத்தாக மாற்றினால் இப்படி ஓர் ஐந்திலக்க எண்ணே கிடைக்கும்.

மரபணு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இந்தத் தொல்லையை அனுபவித்தனர். மார்ச் 1, செப்ட் 1 என்று எழுதப்படும் மரபணுப் பெயர்களை எக்செல் மாதமும் தேதியுமாக மாற்றிவிட்டது. மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருந்ததாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இறுதியில் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, இத்தகைய பெயர்களை மாற்றிவிட்டதாக 2020இல் அறிவித்தது. செப்ட் 1 என்பது செப்டின் 1 ஆனது. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல் புதிய பதிப்புகளில் சேர்த்தது.

தேதியை எழுதும் வரிசையிலும் சிக்கல் உண்டு. இந்திய வழக்கில் 03/04/2024 என்பது ஏப்ரல் 3. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது மார்ச் 4. அதே கணினியில் 13/04/2024 என்று இட்டால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதியாகவும் பாதி எழுத்தாகவும் அமையும். இதைக் கண்டறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு: பயனர் எதையும் மாற்றாத நிலையில் எண்ணும் தேதியும் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்புறம் ஒட்டி நிற்கும். 2024-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் இட்டால் குழப்பம் இராது.

கூட்டல், சராசரி, வரிசைப்படுத்தல்

இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய மதிப்பெண்கள் சில, எண் போலத் தோன்றினாலும் எழுத்தாக இருக்கலாம். 'சம்' என்னும் கூட்டல் சார்பு அவற்றை ஓசையின்றி விட்டுவிடும், கூட்டுத்தொகை குறையும். 'கவுன்ட்' சார்பு எண்களை மட்டும் எண்ணும். 'கவுன்ட்ஏ' சார்பு வெற்றிடம் அல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும். மதிப்பெண் மட்டுமே உள்ள நெடுவரிசையில் இரண்டின் விடையும் வேறுபட்டால் எங்கோ ஓர் எண் எழுத்தாக இருக்கிறது என்று பொருள்.

சராசரியில் வேறொரு நுட்பம் உண்டு. ஒரு மாணவர் இரு தேர்வுகளில் 40, 60 பெற்று மூன்றாவதற்கு வரவில்லை என்று கொள்வோம். மூன்றாம் கட்டத்தை வெற்றிடமாக விட்டால் சராசரி 50. சுழியம் இட்டால் சராசரி 33.33. முன்னதில் அவர் தேர்ச்சி. பின்னதில் 35 தேவைப்படும் இடத்தில் தோல்வி. வராதவருக்கு என்ன இட வேண்டும் என்பதைப் பள்ளியின் விதிதான் முடிவு செய்ய வேண்டும். பட்டியலைத் தட்டச்சு செய்பவரின் கை, அதை அறியாமலே முடிவு செய்துவிடக் கூடாது.

பட்டியலின் நடுவே ஒரு நெடுவரிசை முழுதும் வெறுமையாக இருந்தால், எக்செல் அதைப் பட்டியலின் எல்லை என்று கொள்ளும். பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது வெற்று நெடுவரிசைக்கு இப்பக்கம் உள்ளவை மட்டும் இடம் மாறும். அப்பக்கம் உள்ள மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒருவரின் மதிப்பெண் மற்றொருவருக்குப் போய்விடும். பார்வைக்குப் பட்டியல் சரியாகவே இருப்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். வெற்று நெடுவரிசைகளை நீக்குவதும், வரிசைப்படுத்தும் முன் 1, 2, 3 எனத் தொடர் எண் கொண்ட நெடுவரிசை ஒன்றைச் சேர்ப்பதும் நல்ல பழக்கம். பட்டியல் முழுவதும் சேர்ந்தே நகர்ந்திருந்தால், தொடர் எண்ணின்படி மீண்டும் வரிசைப்படுத்திப் பழைய நிலைக்குத் திரும்பலாம். வரிசைப்படுத்தியதும் ஓரிருவரின் மதிப்பெண்ணை மூலத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கோப்பின் கொள்ளளவும் அறிய வேண்டியதே. பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளே இருக்க முடியும். எக்செல் 2007 முதல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் 10,48,576 வரிசைகள் உண்டு. இங்கிலாந்தில் கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டில், ஆய்வகங்களின் முடிவுகளைத் தொகுக்கப் பழைய வகைக் கோப்பு பயன்படுத்தப்பட்டது. கோப்பு நிறைந்ததும் மிகுந்த வரிசைகள் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாட எண்ணிக்கையில் சேரவில்லை. அவர்களுக்குச் சோதனை முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்லும் பணி நாள்கணக்கில் தாமதமானது.

வேர்டும் தமிழ் எழுத்துருக்களும்

தமிழ் ஆவணங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் கணினிக்குள் பதிவாவது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தேடினாலும் சொல் அகப்படாது. பிடிஎஃப் ஆக மாற்றினால் தோற்றம் சரியாக இருக்கும். ஆனால் வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் மீண்டும் அதே குழப்பம்.

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆகவே ஒருங்குறியில் எழுதிய மடல் கைபேசியிலும் கணினியிலும் ஒன்றுபோலத் திறக்கும். தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. தட்டச்சு செய்ய, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி உருவான தமிழ் 99 விசைப்பலகையையோ ஒலிபெயர்ப்பு முறையையோ பயன்படுத்தலாம். விசைப்பலகை எதுவாயினும் பதிவாவது ஒருங்குறியா என்பதே முக்கியம். எழுதிய வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை லதா, நிர்மலா போன்ற வேறொரு ஒருங்குறி எழுத்துருவுக்கு மாற்றிப் பார்க்கலாம். தமிழாகவே நின்றால் அது ஒருங்குறி. பழைய கோப்புகளை மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நீண்ட அறிக்கை எழுதுவோர் தலைப்புகளுக்கு 'ஹெடிங்' பாணியைப் பயன்படுத்தினால் பொருளடக்கத்தை வேர்டே உருவாக்கும். ஆனால் பின்னர் பக்கங்கள் கூடினால் பொருளடக்கம் தானாக மாறாது. அச்சிடும் முன் அதன்மேல் வைத்து எஃப் 9 விசையை அழுத்திப் புதுப்பிக்க வேண்டும். புதிய பக்கம் தொடங்க என்டர் விசையைத் தொடர்ந்து தட்டாமல் கன்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், முன்பக்கத்தில் ஒரு வரி கூடினாலும் அடுத்த பக்கம் கலையாது.

கோப்புக்குள் ஒளிந்திருப்பவை

வேர்டில் 'டிராக் சேஞ்சஸ்' வசதி இயங்கும்போது அழித்த வரிகள் கோப்பிலேயே தங்கும். 'நோ மார்க்அப்' என்று மாற்றினால் அவை கண்ணுக்கு மறையுமே தவிர நீங்கா. எல்லா மாற்றங்களையும் ஏற்று முடித்தபின், 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' என்ற பகுதியில் எஞ்சிய குறிப்புகளையும் நீக்கிவிட்டே கோப்பை வெளியே அனுப்ப வேண்டும். ஈராக் பற்றிப் பிரிட்டன் அரசு 2003இல் இணையத்தில் வெளியிட்ட வேர்டு ஆவணத்தில், அதைத் திருத்தியவர்களின் பயனர் பெயர்கள் உள்ளேயே இருந்து வெளிப்பட்டன.

எண்ணை மறைக்க அதன்மேல் கறுப்புக் கட்டம் வரைவதும் பயன் தராது. கீழே உள்ள எழுத்து அப்படியே இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் படிக்கலாம். அமெரிக்காவில் பால் மேனஃபோர்ட் வழக்கில் அவருடைய வழக்கறிஞர்கள் 2019 ஜனவரியில் தாக்கல் செய்த பிடிஎஃப் ஆவணத்தில் கறுப்பாக்கிய வரிகளைச் செய்தியாளர்கள் இம்முறையிலேயே படித்தனர். வேர்டில் ஓரத்தை வெட்டிய படத்திலும், 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' வழியே நீக்கும்வரை, வெட்டிய பகுதி உள்ளேயே இருக்கும். ஆதார் நகல் அனுப்ப வேண்டியவர், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அதற்குரிய தளத்திலிருந்தே பதிவிறக்கிக்கொள்ளலாம்.

சேமித்தல்

புதிய வேர்டு, எக்செல் பதிப்புகளின் மேல் மூலையில் உள்ள 'ஆட்டோ சேவ்', கோப்பு ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் இருந்தால் மட்டுமே இயங்கும். கணினியிலேயே உள்ள கோப்பை 'ஆட்டோ ரெக்கவர்' பொதுவாக 10 நிமிடத்திற்கு ஒருமுறை தற்காலிகமாகப் பதிந்து வைக்கும். நடுவே மின்சாரம் போனால் பத்து நிமிட உழைப்பு வரை இழக்க நேரும். கன்ட்ரோல், எஸ் விசைகளை ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அழுத்துவது இன்றும் தேவையான பழக்கமே. கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்யும்போதே சேமிப்பு நடக்கும். பழைய நிலைக்குத் திரும்ப 'வெர்ஷன் ஹிஸ்டரி' உதவும். ஜிமெயிலில் நீக்கிய மடல் குப்பைப் பெட்டியில் 30 நாள் இருக்கும், அதன்பின் போய்விடும்.

அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

1. முகவரிகள் உரிய கட்டத்தில் உள்ளனவா? தானாக நிரம்பிய முகவரி சரியான ஆளுடையதா?
2. கோப்பு இணைக்கப்பட்டுள்ளதா? அனுப்பும் மடலிலிருந்தே அதைத் திறந்து பார்த்தாயிற்றா?
3. கணக்கு எண், கைபேசி எண், பதிவெண் ஆகியவற்றில் இலக்கங்களின் எண்ணிக்கை சரியா?
4. தேதிகள் எல்லாம் கட்டத்தின் ஒரே பக்கம் ஒட்டி நிற்கின்றனவா?
5. பட்டியலின் முதல், இடை, கடைசி வரிசைகள் மூலத்தாளோடு பொருந்துகின்றனவா? மொத்த வரிசைகளின் எண்ணிக்கை சரியா?
6. தமிழ் எழுத்துகள் வேறொரு கைபேசியில் தமிழாகவே தெரிகின்றனவா?
7. அழித்தவையும் மறைத்தவையும் உண்மையாகவே நீங்கினவா?

இந்த ஏழையும் பார்க்க இரண்டு, மூன்று நிமிடம் போதும். கடைசி நாளில் விண்ணப்பம் அனுப்புபவரிடம் அந்த நிமிடங்களும் இருப்பதில்லை. ஆகவே ஒரு நாள் முன்னதாகவே தனக்குத்தானே ஒரு மடல் அனுப்பி, அதை வேறொரு கருவியில் திறந்து பார்ப்பது பயன் தரும். பெறுபவர் காணப்போவதை அனுப்புபவர் தாமே முதலில் காண அதுவே எளிய வழி.